ஏழு மாவு உருண்டைகள்

...இதிலும் உட்காரக் கூடாதாம், அட்டையில் எழுதி மூடியின் மேல் வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து அமர வேண்டாம், அடுத்ததிலும் அதே அட்டை, அதற்கடுத்ததிலும், நாற்பது கமோடுகள் இருக்கும், நாற்பதிலும் அமர வேண்டாம், கமோடைக் காட்டி உட்காராதே என்று சொல்கிற இடம் உலகத்தில் இந்தக் கடை ஒன்றாகத்தான் இருக்கும், செருப்புக் கடையில் போட்டுப் பார்க்க விடுகிறார்கள், கண்ணாடிக் கடையில் மாட்டிப் பார்க்க விடுகிறார்கள், இங்கே மட்டும் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு அழகு பார்க்க வேண்டுமாம்... மாமா அழகு பார்க்கவில்லை. அட்டையைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்து, அதைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கமோடின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா, எழுபத்து மூன்று வயது, எடைமேடையில் முப்பத்தாறு வருஷம் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் முதலில் உட்கார ஓர் இடம் பார்ப்பார், உட்கார்ந்ததும் சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒரு தடவை கண்ணாலேயே எடை போடுவார். இவரை யார் வரச் சொன்னது? நான் சொல்லவில்லை. காலையில் செருப்பை மாட்ட வந்தால் எனக்கு முன்னால் குடையோடு வாசலில் நிற்கிறார், "நானும் வர்றேம்மா, கனமான சாமான், கூட ஒரு ஆள் இருந்தா நல்லதுதானே" என்கிறார், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? "டப்பாவை எடுத்துக்கிட்டியாம்மா?" என்று வேறு கேட்டார். சாப்பாட்டு டப்பாவைச் சொல்கிறார் என்று நினைத்து, எடுத்துக்கிட்டேன் மாமா என்றேன். பொய்யில்லை, பையில் டப்பா இருக்கிறது, சாப்பாடுதான் இல்லை.

டப்பாவில் இருப்பவை ஏழு மாவு உருண்டைகள். உருண்டை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக, உண்மையில் அவை நீளமாக இருக்கின்றன, ஏன் நீளமாக என்று நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை. பல் செட் செய்கிற லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன், டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துப் பல் செய்து கொடுப்பேன், ஒன்றைப் போலவே இன்னொன்று செய்வதென்றால் என் கை என்னைக் கேட்காமலே செய்துவிடும், அதனால் உருவம் பெரிய கஷ்டமில்லை, கஷ்டமெல்லாம் மிதப்பதா மூழ்குவதா என்பதில்தான். முதலில் வெறும் கோதுமை மாவில் பிசைந்தது, வாளித் தண்ணீரில் போட்டதும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, அது நியாயமில்லை, இரண்டாவது தடவை சோடா உப்பு போட்டுப் பிசைந்தது, மேலே வந்து ஜாலியாக மிதந்தது, அதுவும் நியாயமில்லை, கடைசியில் இதில் பாதி அதில் பாதி கலந்து பிடித்தேன். ஒரே நீளம், ஒரே பருமன், ஈர விரலால் தடவித் தடவி வழவழப்பாக்கி... நாலாவது உருண்டையைத் தடவும்போதுதான் உறைத்தது, இதற்கு எதற்கடி மெருகு? கைப் பழக்கம், என்ன செய்வது. டப்பாவில் ஈரத் துணி விரித்து அடுக்கி, ‘லேப் வேலை, தொடாதீர்கள்’ என்று சீட்டு ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். எங்கள் ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் யாருடைய மேல் தாடையாவது இருப்பது சகஜம், வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் சமையலறைத் தராசு மட்டும் வெளியே கிடந்தது, தட்டில் மாவு ஒட்டியிருந்தது, மகள் கேக் கீக் செய்கிறேன் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டிருப்பாள், துடைத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர், கமோடு ஒன்று. அந்தக் கமோடு நாங்கள் குடி வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது, அழுத்தினால் தண்ணீர் வரும், சாவகாசமாக ஒரு சுற்று சுற்றும், ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான், உள்ளே இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். பிளம்பர் வந்து கோப்பையைக் கழற்றி, குழாயில் நேராக மூன்று வாளி ஊற்றிப் பார்த்தார், "குழாய் நல்லா இழுக்குதுங்க, இந்தக் கோப்பைதான் சோம்பேறி, உள்ள வளைவு ரொம்பக் குறுகல், தண்ணிக்கு வேகமே இல்ல, மாத்திடுங்க" என்றார், மறுபடி மாட்டிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை, "ஒரு வாளி ஊத்தினா போகப்போகுது" என்பது அவர் கட்சி, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், இருபது மாடிக்கு மனிதர்களை ஏற்றி இறக்குகிறவர், ஒரு கோப்பையிலிருந்து இதை இறக்க வழி பார்க்க மாட்டேன் என்கிறார். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு, ஒரு தடவை அழுத்த வேண்டும், தொட்டி நிரம்ப நாலு நிமிஷம் காத்திருக்க வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும், பிறகு வாளி, பிறகு மறுபடியும், அதற்குள் அடுத்த ஆள் கதவுக்கு வெளியே நின்று "போச்சா?" என்று கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர் "இன்னும் இல்ல" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை அழுத்துகிற சத்தம் கேட்கிறது என்று மகள் சாப்பாட்டு மேஜையில் பாடம் படித்துக்கொண்டே வாய்க்குள் எண்ணுவாள், ஒண்ணு, ரெண்டு, மூணு... மாமா உள்ளே போனால் ஐந்து வரை போகும். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை, சொல்கிற விஷயமா இது?

சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் மகளுக்குப் பதினேழு வயது, பதினேழு வயதில் யாருக்குத்தான் சும்மா இருக்கத் தெரியும், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டாள், ‘பார்த்துவிட்டு வெளியே வரவும். போகவில்லை என்றால் மறுபடி அழுத்தவும். இப்படிக்கு, அடுத்து வருபவர்.’ பொதுவாகத்தான் எழுதினாள், யார் பெயரும் இல்லை, ஆனால் நாலு பேர் இருக்கிற வீட்டில் பொது என்று ஒன்று ஏது? நான் அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டேன், அதற்குள் மாமா ஒரு தடவை உள்ளே போய் வந்திருந்தார். அன்று ராத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டார், "போதும்மா" என்றார். மூன்றாம் தடவை பரிமாற வரும்போது கையை நீட்டித் தடுக்காத ஒரே ஆள் அவர்தான், என் சமையலை நம்பி எங்கள் வீட்டில் சாப்பிடுகிற ஒரே ஆளும் அவர்தான், அவர் போதும் என்றால் எனக்கு எப்படி இருக்கும். மறுநாளும் போதும்மா. அதற்கு மறுநாளும். பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புதிதாக ஓர் ஓட்டை போட்டார், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. டாக்டரிடம் கூட்டிப்போனேன், ரத்தம் நல்ல ரத்தம், சர்க்கரை இல்லை, எல்லாம் சரி என்றார்கள். "பல் செட்தாம்மா, கொஞ்சம் உறுத்துது" என்றார் மாமா.

என்னுடைய பல் செட்! எத்தனையோ செய்திருக்கிறேன், இது வீட்டு வாய்க்கு என்று தனியாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது, அது உறுத்துகிறது என்றால் லேபில் என் முகத்தை எங்கே வைப்பது, உடனே கழற்றி வாங்கி, எங்கே உறுத்துகிறது என்று கேட்டு, அவர் சும்மா ஓர் இடத்தைக் காட்ட, அங்கே சின்ன அரத்தால் ராவினேன். ஒரு வாரம் கழித்து, வேறு பக்கம்மா என்றார், அங்கேயும் ராவினேன். மூன்றாவது தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை, இருந்தாலும் அவர் மனத் திருப்திக்காக இன்னும் கொஞ்சம் ராவிக் கொடுத்தேன், அவரும் போட்டுப் பார்த்து, "இப்போ பரவாயில்ல" என்றார், அன்று ராத்திரியும் பாதியில் எழுந்துவிட்டார். முதல் தடவை ராவிய மறுநாள் அவருடைய பழைய கூட்டாளி வீட்டுக்கு, அவரும் எடைமேடைக்காரர்தான், இரண்டு நாள் போய்த் தங்கிவிட்டு வந்திருந்தார். அந்த வீட்டு மருமகள் இப்போதுதான் போன் செய்து, "அன்னைக்கு உங்க மாமா என்னா நல்லா சாப்பிட்டாரு, அவருக்குப் பரிமாறவே ஆசையா இருந்துச்சுக்கா" என்றாள். எனக்குக் காது எரிந்தது. அதே பல், அதே வாய், அங்கே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாராம், என் சமையலில் என்ன குறை, அவள் அப்படி என்ன பெரிதாக ஆக்கிப் போட்டுவிட்டாள்... போனை வைத்த பிறகும் அவளோடு மனதுக்குள் அரை மணி நேரம் சண்டை போட்டேன், சண்டைக்கு நடுவில்தான் அவள் ஏதோ வீடு மராமத்து, பாத்ரூம் எல்லாம் புதுசு, ஒரு தடவை தொட்டால் போதும் என்று பெருமை அடித்தது ஞாபகம் வந்தது. ஒரு தடவை தொட்டால் போதும். அடுப்பு எரிகிறது, நான் கரண்டியோடு அப்படியே நிற்கிறேன். மனிதர் பல்லுக்காகச் சாப்பிடாமல் இல்லை, காலையில் போக வேண்டியிருக்குமே என்று ராத்திரி சாப்பிடாமல் இருக்கிறார்.

அழுதேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் அழுதேன், கூடவே சிரிப்பும் வந்தது, இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அவரிடம் நேரே சொன்னால் அவர் இன்னும் சுருங்கிப்போவார், அதற்குப் பிறகு மொத்தமாகவே சாப்பாட்டை விட்டுவிடுவார். கமோடு மாற வேண்டும், ஆனால் அவருக்காக மாறுகிறது என்று அவருக்குத் தெரியவே கூடாது, அதனால் ஒரு நாள் காலையில் எல்லாரும் இருக்கும்போது, கமோடில் விரிசல் விட்டிருக்கிறது, உடைந்து யாரையாவது கிழித்துவிட்டால் என்ன ஆவது என்று ஒரு போடு போட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையே தூக்கவில்லை. மாமாதான் எழுந்து, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், எனக்கு உயிரே போய்விட்டது, விரிசல் என்று ஒன்று இருந்தால்தானே, கமோடு பழசே ஒழிய கல் மாதிரி இருக்கிறது, அவர் குனிந்து, சுற்றி வந்து, பின்பக்கமெல்லாம் வெளிச்சம் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து டார்ச்சை அணைத்து, "ஆமாம்டா, இருக்கு. நல்ல விரிசல்தான். மாத்திடணும்" என்று மகனிடம் சொன்னார். அப்பா சொன்னால் மறுபேச்சு இல்லை, என் வீட்டுக்காரர் அன்றைக்கே சரி என்றுவிட்டார், விலை மட்டும் கைக்கு அடங்குகிறதாக இருக்கட்டும் என்றார். எனக்கு நிம்மதி, நிம்மதியோடு ஒரு சின்ன வருத்தமும், முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதிக் கொடுக்காத மனிதர், டிரைவர் எட்டு டன் என்பானாம், மேடை பதினொன்று காட்டுமாம், எவ்வளவு கெஞ்சினாலும் "இருக்கறதை எழுதணும், இல்லேன்னா இறக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்புவாராம், அப்படிப்பட்டவர் கண்ணுக்கு இல்லாத விரிசல் தெரிகிறது என்றால், பாவம், கண்ணையும் ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.

"மேடம், இது பாருங்க மேடம், மூடி தானாவே திறக்கும்" என்கிறார் டை கட்டிய விற்பனையாளர், கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு டை, கமோடு விற்க டை எதற்கு என்று தெரியவில்லை, அந்தப் பீங்கானில் என் முகம் தெரிகிறது, விலைச் சீட்டைப் பார்த்ததும் அந்த முகம் மாறியதும் தெரிகிறது. மாமா எழுந்து அதன் முன்னால் போனார், மூடி திறந்தது, பின்னால் வந்தார், மூடியது, மறுபடி முன்னால் போனார், "நாம என்ன வேலையா வர்றோம்னு இதுக்கு எப்படித் தம்பி தெரியும், சும்மா தாண்டிப் போறவனுக்கும் திறக்குமா?" என்று கேட்டார். டை கட்டியவர் சென்சார் சார் என்றார். சுவரிலிருந்து ஓட்டையின் நடு வரை எங்கள் வீட்டில் ஒன்பது அங்குலம், பிளம்பர் சொன்னதை நம்பாமல் நானே மூன்று தடவை டேப் வைத்து அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், இது பன்னிரண்டாம், நல்லவேளை, அளவு சரியாக இருந்து விலையால் வேண்டாம் என்று சொல்வது கௌரவக் குறைச்சல், அளவால் வேண்டாம் என்பது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது. ஒன்பது அங்குலத்தில் எவையெவை என்று கேட்டேன், பாதிக்கு மேல் கழிந்துவிட்டன. "நமக்கு வேண்டியது ஒண்ணுதாங்க, அழுத்தினா போகணும்" என்றேன், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னேன், டை கட்டியவருக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை, அவர் வடிவமைப்பு, மினுமினுப்பு, சத்தமில்லாமல் மூடுகிற மூடி என்று பேசிக்கொண்டே போகிறார், பதினொரு வருஷ அனுபவமாம், பதினொரு வருஷமாக இதற்குள் என்ன போகும் என்பதை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் விற்றிருக்கிறார்.

கடையின் பின்பகுதியில் மூன்றே மூன்றுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்து மேடையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், பின்னால் வலைக்கூடை, போடுவது அதில் வந்து விழும். ஒன்று அந்தத் தானாகத் திறக்கிறது, அதை விட்டுத்தள்ளு, இன்னொன்று வெள்ளை, எங்கள் அளவு, விலை சுமார், கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் வாங்கிவிடலாம், மூன்றாவது ஒரு மங்கிய பச்சை, இதுவும் ஒன்பது அங்குலம், பழைய மாடலாம், இணைப்பைக் கழற்ற யாரும் மெனக்கெடாததால் அங்கேயே நிற்கிறதாம், கலர் யாருக்கும் பிடிக்காமல் பாதி விலைக்குத் தள்ளப் பார்க்கிறார்கள். டை கட்டியவர் வெள்ளையில் ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி அழுத்தினார், கொடகொடவென்று எல்லாம் போய்விட்டன, எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். பந்து போகாமல் என்ன செய்யும், யார் வயிற்றிலிருந்து பந்து வருகிறது? இதை நான் நினைத்தேன், மாமா சொல்லியேவிட்டார். "பந்துல வெறும் காத்துதானே தம்பி. காலி லாரியை மேடையில ஏத்தி இறக்கிட்டு, மேடை நல்லாருக்குன்னு சொன்னா எப்படி? சுமையோட காட்டணும்." டை கட்டியவர், இதுதான் சார் எல்லாக் கடையிலயும் டெஸ்ட் என்றார். மாமா என் பையை ஒரு பார்வை பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், "நீ மெதுவாப் பாரும்மா, நான் போய் அந்தக் குழாய்ங்க எல்லாம் எப்படியிருக்குன்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, குடையைத் தட்டித் தட்டி அந்தக் கோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் எல்லாக் குழாயும் நன்றாகத்தான் இருக்கின்றன, எதற்குக் குழாய்? எதற்காக இருந்தால் என்ன, இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது.

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். "இது என்ன மேடம்?" என்றார் டை கட்டியவர். "மாவு" என்றேன். "மாவுன்னா...?" "கோதுமை மாவு. வேற ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க." மூடியைத் திறந்து ஈரத் துணியை விலக்கினேன், ஒன்று இரண்டு என்று எண்ணியபடியே, எண்ணிச் செய்ததை எண்ணி எடுப்பது லேப் வழக்கம், ஒரு பல் குறைந்தாலும் பெரிய ரகளை ஆகும், ஐந்து, ஆறு, ஏழு... எட்டு. எட்டா? மறுபடி எண்ணினேன். எட்டுதான். என்னுடைய ஏழும் ஒரே மாதிரி வழவழவென்று, அச்சில் வார்த்தது போல ஓர் ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தன, எட்டாவது அவற்றுக்கு நடுவில், என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு, மெருகு இல்லை, வழவழப்பு இல்லை, பெரிய கட்டை விரல் அழுந்திய பள்ளங்கள் வரிசையாக... கையில் எடுத்தேன், கனம். யார் வேலை இது? மகளாக இருந்தால் ராத்திரியே சிரித்துக் காட்டிக்கொடுத்திருப்பாள். என் வீட்டுக்காரரா, அவருக்கு மாவு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே தெரியாது. காலையில் சமையல் மேடை மேல் தராசு கிடந்ததே... தட்டில் மாவு... டப்பாவை எடுத்துக்கிட்டியாம்மா என்று கேட்டாரே... நான் எட்டு டன் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், மேடை பதினொன்று காட்டுகிறது. இருக்கறதை எழுதணும். கடவுளே, இந்த மனிதர் சரியான எடையைத் தராசில் நிறுத்துப் போட்டிருக்கிறார், எதை வைத்து நிறுத்தார், எந்தக் கணக்கில் என்று மட்டும் யோசிக்கக் கூடாது, யோசிக்கவே கூடாது. எனக்கு அடி வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, அதோடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, டை கட்டியவர் என் கையில் இருப்பதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

வெள்ளையில்தான் முதலில் போட்டேன், எட்டையும் மெதுவாக ஒவ்வொன்றாக இறக்கி, அழுத்துங்க என்றேன். அவர் விரல் நுனியால் அழுத்தினார். சுழன்றது, ஆறு போயின, என்னுடையது ஒன்று தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது, எட்டாவது அசையவே இல்லை, இருந்த இடத்தில் ஒரு தடவை புரண்டு படுத்துக்கொண்டது, எங்கள் வீட்டுக் காட்சியேதான். மறுபடி அழுத்தினோம், அந்த ஒன்று போனது, எட்டாவது இல்லை. வழுக்கைத் தலைக்காரர், "தம்பி, இதைத்தானே எனக்கு எடுத்து வெச்சிருக்கே, இரு இரு, பில் போடாதே" என்று டை கட்டியவரின் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்து நின்றுகொண்டார். கூடையிலிருந்தும் கோப்பையிலிருந்தும் எட்டையும் நானே பொறுக்கி எடுத்தேன், டை கட்டியவரை அந்த வேலைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் நசுங்கியிருந்த இரண்டை ஈர விரலால் தடவிச் சரி செய்தேன், எட்டாவதைத் தொடவில்லை, அது இருந்தபடியே இருந்தது. பிறகு பச்சை. தூசி படிந்த, யாருக்கும் வேண்டாத, ஒரு மாதிரி நோயாளிப் பச்சை, தூசியைத் துடைத்துக் குனிந்து பார்த்தால் தொண்டை அகலமாக இருக்கிறது, கை வைத்தால் வழுக்குகிறது, தொட்டியும் ஒரு சுற்றுப் பெரிது. எட்டையும் போட்டேன். இந்தத் தடவை நானே அழுத்தினேன். சுற்றவே இல்லை, ஒரே இழுப்பு, தொம்மென்று ஒரு சத்தம், தண்ணீர் தெளிந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பச்சை. பின்னால் கூடையில் சொத் சொத்தென்று விழுகிற சத்தத்தை நான் எண்ணவில்லை, கடைசியாக விழுந்த கனமான சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன், அதுவும் விழுந்தது. "அந்த டப்பாவைக் கொஞ்சம் குடுக்கறீங்களாம்மா, நானும் அந்தத் தானாத் திறக்கறதுல ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

குழாய்ப் பக்கம் பார்த்தேன். மாமா திரும்பவில்லை, தண்ணீர் வராத ஒரு குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார், பெல்ட்டின் மிச்ச நீளம் சட்டைக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இவ்வளவு நீளம் மிச்சமாக நான் விட்டிருக்கிறேன். "போச்சாம்மா?" என்றார், திரும்பாமலே, வீட்டில் கதவுக்கு வெளியே நின்று கேட்கிற அதே குரலில். போச்சு மாமா என்றேன். குழாயை ஒரு தடவை இறுக்கி மூடினார். "எட்டுமா?" எட்டு என்று நான் சொல்லிவிட்டால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஏழு என்று சொன்னால் இருக்கிறதை எழுதாத டிரைவராகிவிடுவேன், இத்தனை நாள் அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் ஒளித்ததை எல்லாம் அவர் எனக்குத் தெரியக் கூடாது என்று ஒளித்திருக்கிறாரே... "எட்டும் போச்சு மாமா. ஒரே தடவையில" என்றேன். முதுகு லேசாக ஆடியது, தலையை ஆட்டினாரோ சிரித்தாரோ தெரியவில்லை. "எங்க எடைமேடை ரூமுக்கும் இந்தப் பச்சைதாம்மா அடிச்சிருந்தாங்க, நல்ல கலர்" என்றார். முதுகைக் காட்டி நின்றவருக்குப் பச்சையில்தான் போனது என்று எப்படித் தெரிந்தது? டை கட்டியவர் பில் எழுதப் போனார், நான் எட்டையும் கூடையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டேன், அப்படியானால் அந்த விரிசல், டார்ச் அடித்து அவ்வளவு நேரம் பார்த்தது, அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் பல் செட்டும்... மூன்று தடவை, நான் ராவியபோது மூன்று தடவையும் பேசாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதில் முதலிலிருந்தே ஒரு குறையும் இல்லை, அச்சாகப் பொருந்தியிருந்த பல்லை நான்தான் மூன்று தடவை ராவி ராவி எடுத்திருக்கிறேன், கடைசியாக ராவியதிலிருந்து பாதிச் சாப்பாட்டுக்குத்தான் தாங்கியிருக்கிறது... இன்று ராத்திரி இவர் மூன்றாம் தடவைக்குத் தட்டை நீட்டினால், அந்தப் பல் நிற்குமா?